ழகரம் போதுமா? கோடையில் சீனமொழி கற்கப் பெய்ஜிங் செல்வதற்கு முன்

11 மார்ச் 2018, வாசகர் ஒருவரின் கேள்வி

வருகிற ஜூலையில் ஆறு வாரச் சீனமொழி வகுப்புக்குப் பெய்ஜிங் செல்ல இருக்கிறேன். ஓராண்டாக மாலை வகுப்பில் படித்துவருகிறேன். தமிழருக்குச் சீன உச்சரிப்பு எளிது என்பது என் கருத்து. ழகரம் நம்மிடம் இருக்கிறது. நமக்கு ‘நீ’ என்றால் அவர்களுக்கும் ‘நீ’தான். ஆகவே ஒலிப்பில் நேரத்தைச் செலவிடாமல் சொற்களையே மனப்பாடம் செய்யலாம் என்றிருக்கிறேன். புறப்படுவதற்குள் வேறு என்ன செய்துகொள்ள வேண்டும்?

12 மார்ச் 2018

நானும் அதே ஜூலையில், அதே ஊருக்குத்தான் செல்கிறேன். திருப்பூரில் பின்னலாடை இயந்திரங்களுக்கான ஊசிகளையும் உதிரிபாகங்களையும் சீனாவிலிருந்து வரவழைத்து விற்பது என் தொழில். மொழிபெயர்ப்பாளரை நம்பி இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, நாற்பத்தொரு வயதில் மொழியைக் கற்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

உங்கள் கருத்தோடு எனக்கு உடன்பாடுதான். சீன மொழியில் மனிதன், நாள், வெப்பம் ஆகிய மூன்று சொற்களும் நம் ழகரத்துக்கு மிக நெருங்கிய ஓர் ஒலியில்தான் தொடங்குகின்றன. என்னோடு படித்த வட இந்திய நண்பர் அந்த ஒலிக்காக ஒரு மாதம் நாக்கை மடக்கி அவதிப்பட்டபோது, எனக்கு முதல் நாளே பாராட்டுக் கிடைத்தது.

என் வழிமுறை இது: எச்எஸ்கே என்னும் சீனமொழித் தகுதித் தேர்வின் மூன்றாம் நிலைக்குரிய 600 சொற்களையும் ஒரு நீண்ட கணக்குநோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் ஒலிப்பையும் தமிழ் எழுத்தில் குறித்துவைத்திருக்கிறேன். 1958 முதல் அவர்கள் கையாளும் ரோமன் எழுத்து முறையான பின்யின்னை நம்பினால் ஆங்கில வாசிப்பு குறுக்கே வந்து கெடுத்துவிடுகிறது. க்யூ என்ற எழுத்தைச் சகரமாகவும் சி என்ற எழுத்தைத் ‘ட்ஸ’வாகவும் படிக்க வேண்டும் என்பதை மூளை ஏற்க மறுக்கிறது. தமிழில் எழுதிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. விரும்பினால் நோட்டைப் படியெடுத்து அனுப்புகிறேன்.

13 மார்ச் 2018

ஒரு சிறிய திருத்தம். அவர்களுடைய ‘நீ’ நம்முடையதைப் போல நேராக நிற்பதில்லை. அது மூன்றாம் தொனியில் (சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்தான் தொனி), அடித்தொண்டைக்கு இறங்கித் தாழ்ந்து ஒலிக்கிறது. அதே தொனியில் இன்னொரு சொல் பின்னால் வந்தால், முன்னது இரண்டாம் தொனிக்கு ஏறிவிடும். ‘நீ ஹாவ்’ என்ற வணக்கத்தில் நடப்பது இதுதான். பாடநூலில் தொனிக்குறி மாறாது, வாயில் மட்டும் மாறும்.

2 ஏப்ரல் 2018

விண்ணப்பங்களைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் இதில்தான் தமிழருக்கென்றே ஒரு தனித் தொல்லை இருக்கிறது.

நுழைவுரிமையில் குழப்பம் ஏதும் இல்லை. 180 நாளுக்கு மேற்படாத படிப்புக்கு எக்ஸ் 2 வகை விசா. மேற்பட்டால் எக்ஸ் 1, அதற்கு ஜேடபிள்யூ 202 என்ற படிவமும் வேண்டும், சென்ற 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு எக்ஸ் 2 போதும், பள்ளி அனுப்பும் சேர்க்கைக் கடிதமே முதன்மை ஆவணம். சென்னையில் சீனத் துணைத் தூதரகம் இல்லாததால் என் கடவுச்சீட்டு முகவர் வழியாகத் தில்லிக்குப் போயிருக்கிறது. ஒரே ஒரு நுழைவுக்கான விசா என்றால், இடையில் வார இறுதிக்கு ஹாங்காங் போய்வரலாம் என்று கனவு காணாதீர்கள். ஹாங்காங் செல்வது நாட்டை விட்டு வெளியேறியதாகவே கணக்காகும். திரும்ப வர முடியாது.

தொல்லை பெயரில் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. கடவுச்சீட்டு எடுத்தபோது யாரோ சொன்னதைக் கேட்டு, குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பாவின் பெயரை விரித்து எழுதிவிட்டேன். சீனர்களுக்குக் குடும்பப் பெயரே முதலில் வரும், அதைச் சொல்லி அழைப்பதே மரியாதை. ஆகவே சேர்க்கைக் கடிதத்திலும் விடுதிப் பதிவிலும் மாணவர் அட்டையிலும் நான் என் அப்பாவாகவே இருக்கிறேன். எந்தக் குறையும் காணாமல் எழுபத்தைந்து வயதை முடித்த ஒருவரை மறுபடியும் பள்ளிக்கு அனுப்புகிறோமே என்று அம்மா சிரித்தார். படிவத்தில் எப்படி இருந்தாலும் சரி, கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலை, அதே வரிசையில், எல்லா ஆவணங்களிலும் எழுதுங்கள்; அழகுபடுத்த முயன்றால் விடுதி வாசலில் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

9 மே 2018

பணமும் கைப்பேசியும். ஒரு யுவான் இப்போது ஏறத்தாழப் பத்து ரூபாய் என்பதால் மனக்கணக்கு எளிது. ஆனால் அங்கே காய்கறி விற்பவர்கூடக் கைப்பேசியில் கட்டம் கட்டமான குறியைக் காட்டித்தான் காசு வாங்குகிறார் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த வசதிக்குச் சீன வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால் ஆறு வாரத்துக்குப் போகிறவர் ரொக்கத்தைத்தான் நம்ப வேண்டும். கூகுள், ஜிமெயில், யூடியூப், வாட்ஸ்அப் எதுவும் அங்குள்ள இணைப்பில் திறக்காது. வீட்டில் உள்ளவர்கள் கைப்பேசியில் புறப்படுவதற்கு முன்பே சீனர்களின் உரையாடல் செயலியான வீசாட்டை நிறுவி, ஒருமுறை பேசிப் பார்த்துவிடுங்கள்.

10 மே 2018

வணிகர்களுக்கு மட்டும். நாம் ஆயிரத்திலிருந்து லட்சத்துக்குத் தாவுகிறோம். அவர்கள் பத்தாயிரத்தை ‘வான்’ என்ற தனி அலகாக எண்ணுகிறார்கள். ஒரு லட்சம் என்பது பத்து வான், பத்து லட்சம் என்பது நூறு வான். இது காகிதத்தில் எளிது, தொலைபேசியில் எளிதன்று. என் முதல் நட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் செய்த தவறும் இந்தச் சுழியம் ஒன்றுதான். புறப்படும்வரை நாள்தோறும் செய்தித்தாளில் காணும் தொகைகளை வான் கணக்கில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

28 ஜூன் 2018

நாளை இரவு சென்னையிலிருந்து கொழும்பு வழியாகப் பயணம். பெட்டியில் வைத்த நெய்ப் புட்டியை அம்மா அறியாமல் வெளியே எடுத்துவிட்டேன். இறைச்சி, பால்பொருள், பழம் ஆகியவற்றைக் கொண்டுவரத் தடை உண்டு என்று சொல்லியும் அவர், “நெய் எப்படிப் பால்பொருள் ஆகும்?” என்று கேட்டார். கணக்குநோட்டு கைப்பையில் இருக்கிறது.

8 ஜூலை 2018, பெய்ஜிங்

வூதாவ்கோ என்னும் பகுதியில் தங்கியிருக்கிறேன். நகரத்தின் வடமேற்கே, பதின்மூன்றாம் எண் மெட்ரோ தடத்தில் உள்ள ஊர் இது. வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே 1962இல் தொடங்கப்பட்ட பெய்ஜிங் மொழி பண்பாட்டுப் பல்கலைக்கழகமும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. நான் சேர்ந்திருப்பது வேறொரு பள்ளி, அதன் பெயர் வேண்டாம், காரணம் கீழே.

விடுதியில் தங்கினால் காவல்துறைப் பதிவை அவர்களே செய்துவிடுகிறார்கள். வெளியில் அறை எடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் தாமே காவல்நிலையம் சென்று பதிந்துகொள்ள வேண்டும். மெத்தை என்று ஒன்றைக் காட்டினார்கள். பலகைக்கு உறை போட்டது போல இருந்தது. பாயில் படுத்து வளர்ந்தவனுக்கு அது குறையாகத் தெரியவில்லை.

குறை வகுப்பில் இருக்கிறது. முதல் நாள் எழுத்துத் தேர்வு மட்டும் வைத்து நிலை பிரித்தார்கள். கணக்குநோட்டின் புண்ணியத்தால் நன்றாக எழுதி, எனக்குரிய நிலைக்கு ஒருபடி மேலே போய்விட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆசிரியர் பேசத் தொடங்கினார். பதினொன்று ஐம்பதுக்கு மணி அடிக்கும்வரை, கரும்பலகையில் அவர் எழுதியதெல்லாம் எனக்குத் தெரிந்தது. அவர் சொன்னது எதுவும் புரியவில்லை. ஒரு சொல்லை எழுதிக் காட்டினால் ‘அட, இது தெரியுமே’ என்கிறேன்; அதே சொல்லைக் காதால் கேட்டால் யாரோ ஒருவரைப் போல என்னைக் கடந்து போகிறது. கீழ்நிலைக்கு மாற்றித் தருமாறு அலுவலகத்தில் கேட்டேன். தேர்வில் 84 மதிப்பெண் எடுத்தவரைக் கீழே அனுப்ப விதி இல்லை என்று சொல்லி, தாளை எடுத்துக் காட்டி, பாராட்டவும் செய்தார்கள்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: நிலைத்தேர்வில் தெரிந்ததை எல்லாம் எழுதிவிடாதீர்கள். நகைச்சுவைக்காக இதைச் சொல்லவில்லை.

15 ஜூலை 2018

மார்ச் 12 அன்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

விடுதிக்கு எதிரே ஒரு பழக்கடை. ஜூலையில் பெய்ஜிங்கைச் சுற்றி விளையும் பீச் பழம் குவியல் குவியலாக வந்திறங்குகிறது. ஒவ்வொன்றும் கைக்குழந்தையின் கன்னம் அளவுக்குச் சிவந்து பருத்திருக்கும். சீனத்தில் அதன் பெயரை என் நோட்டில் ‘தாவ்ட்ஸ’ என்று எழுதியிருந்தேன். கடைக்காரப் பெண்மணியிடம், எனக்குத் ‘தாவ்ட்ஸ’ வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தராசின் அடியிலிருந்து, மரப்பிடி போட்ட ஒரு சிறிய கத்தியை எடுத்து, பிடி என் பக்கம் இருக்குமாறு திருப்பி, கவனமாக நீட்டினார். கத்திக்கும் பெயர் ‘தாவ்ட்ஸ’. வாங்கிய பழத்தை அங்கேயே நறுக்கக் கத்தி கேட்கிறேன் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும், ஆனால் என் கையில் பழமே இல்லை.

இரண்டு சொல்லுக்கும் தொனி வேறு என்பது உண்மைதான்: பழம் ஏறும், கத்தி நேராக நிற்கும். ஆனால் மூல வேறுபாடு முதல் ஒலியில் இருக்கிறது. பழத்தின் தகரத்தோடு ஒரு மூச்சு வெளியே வர வேண்டும்; கத்தியின் தகரத்தோடு வரக் கூடாது. தமிழில் ஒரே தகரம். என் நோட்டிலும் ஒரே தகரம். பழத்துக்கும் கத்திக்கும் ஒரே எழுத்தை எழுதி, இரண்டு ஆண்டுகளாக அதையே வாய்விட்டுப் படித்திருக்கிறேன்.

மறுநாள் ஆசிரியரிடம் சொன்னபோது, அவர் சிரித்துவிட்டு ஒரு மெல்லிய கைதுடைக்கும் தாளை எடுத்து என் உதட்டுக்கு முன்னால் பிடித்தார். படம் ஒன்றைக் காட்டினார்: முயல் ஓடுகிறது. ‘முயல் ஓடிவிட்டது’ என்று சொல் என்றார். சொன்னேன், தாள் அசையவில்லை, வகுப்பு சிரித்தது. நான் சொன்னது ‘வயிறு நிரம்பிவிட்டது’ என்று அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. இரண்டு வாக்கியத்துக்கும் தொனி எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மூச்சு வந்தால் முயல் ஓடுகிறது, வராவிட்டால் வயிறு நிரம்புகிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ‘தூட்ஸ பாவ் ல’. ஏழு முறை வயிறு நிரம்பிய பிறகு, எட்டாவது முறை தாளின் ஓரம் அசைந்தது.

இந்தியில் ‘ப’வும் ‘ஃபல்’ என்னும் பழத்தின் மூச்சுடைய ‘ப’வும் தனித்தனி எழுத்துகள் என்பதால், ழகரத்தில் என்னிடம் தோற்ற அந்த வட இந்திய நண்பருக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

16 ஜூலை 2018

நேற்று எழுதியதில் ஒன்று விடுபட்டது. தவறு ஒரே திசையில்தான் நடக்கிறது. பின்யின்னில் பி (b), டி (d), ஜி (g) என்று எழுதப்படும் எழுத்துகள் ஆங்கில ஒலி அல்ல. சொல்லின் முதலில் நாம் சொல்லும் பால், தலை, கல் ஆகியவற்றின் ஒலிகள்தாம் அவை, அல்லது அவற்றுக்கு மிக அருகில் உள்ளவை. அந்தப் பாதி நமக்குப் பிறவியிலேயே கிடைத்திருக்கிறது. மூச்சு சேர வேண்டிய மறுபாதியையும் நாம் முதல் பாதியாகவே சொல்லிவிடுகிறோம். ‘பார்க்கிறேன்’ என்பதற்குரிய சொல்லை மூச்சில்லாமல் சொன்னால், அதே தொனியில் வேறொரு சொல் ஆகிவிடும். அதன் பொருளை இங்கே எழுத மாட்டேன். நேற்று மாலை, மெட்ரோவில் வழி சொன்ன ஒரு மூதாட்டியிடம் வரைபடத்தைக் காட்டி அதைச் சொல்லிவிட்டேன். அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நம்ப விரும்புகிறேன்.

சகரத்தின் நிலை இன்னும் மோசம். நாக்கை மடித்து ஒரு தொகுதி, பல்லுக்குப் பின்னால் ஒரு தொகுதி, அண்ணத்தின் நடுவில் ஒரு தொகுதி என்று மூன்று இடங்களில் மும்மூன்றாக ஒன்பது ஒலிகள். என் நோட்டில் ச, ஷ, ஜ, ட்ஸ என்ற நான்கைக் கொண்டு ஒன்பதையும் நிரப்பியிருக்கிறேன். சொல் முடிவில் வரும் ஙகரமும் அப்படித்தான். நமக்கு அதன் பின்னால் ககரம் வராமல் நாக்கு நிற்காது. பெய்ஜிங் என்ற இந்த ஊரின் பெயரையே நான் கடைசியில் ஒரு ககரம் ஒட்டித்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

இதை எல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதும் என் கண்ணில் படாமல் இல்லை.

17 ஜூலை 2018

நோட்டைப் படியெடுத்து அனுப்பச் சொன்ன மூவருக்கு: அனுப்புவதாக இல்லை.

22 ஜூலை 2018

மழை பிடித்துக்கொண்டது. பெய்ஜிங்கின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்தான் பெய்கிறது. குடையும் விரைவில் உலரும் செருப்பும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மழை இல்லாத நாளில், நம் ழகரத்தைத் தாங்கிய ‘வெப்பம்’ என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. ழகரத்தின் பெருமையை முழுவதும் திரும்பப் பெறவில்லை. இந்த ஊர்க்காரர்கள் சொல்லின் வாலில் அதே ஒலியைச் சுருட்டிச் சேர்ப்பது வழக்கம். அதை நான் செய்துகாட்டியபோது, வாடகைக் கார் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டார். மூன்று வாரம் என்று சொன்ன சொல்லை அவர் புரிந்துகொள்ளவில்லை.

இன்று எழுத வந்தது ‘நீ’ பற்றி. கேள்வி கேட்டவர் இதை ஓர் ஆதாயமாகக் குறிப்பிட்டார். எனக்கு இது முதல் வாரம் முழுவதும் இடைஞ்சலாகவே இருந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆசிரியரைப் பார்த்து ‘நீ’ என்று சொல்ல என் வாய் கூசியது. அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு அன்று என்பது அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் அந்த ஒலி காதில் விழுந்ததும் அப்பாவின் கை ஓங்குவது போல ஓர் உணர்வு. நம் ‘நீங்கள்’ போல அவர்களிடம் ‘நின்’ என்று ஒன்று உண்டு. பெய்ஜிங்கில் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் நான் அதற்குத் தாவிவிட்டேன். பிறகு ஒருநாள் வகுப்பில் உள்ள பத்தொன்பது வயதுக் கொரிய மாணவனையும் ‘நின்’ என்று விளித்து, அவன் தனக்கு வயதாகிவிட்டதா என்று கேட்கும்படி ஆயிற்று.

தமிழில் ‘நின்’ என்பது ‘உன்’ என்பதன் பழைய வடிவம். அங்கே அதுவே மரியாதை. இதை வைத்து யாரும் ஆராய்ச்சி தொடங்கிவிட வேண்டாம். எனக்கு ஆசிரியர் சூட்டிய சீனக் குடும்பப் பெயர் ‘மா’, அதன் பொருள் குதிரை. நம் பழைய தமிழிலும் ‘மா’ என்றால் குதிரை உண்டு. இவை தற்செயல் என்று சொன்னால் கோபிக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள், ஆனால் தற்செயல்தான்.

23 ஜூலை 2018

உறவுப்பெயர்ப் பாடம் வந்தது. இரண்டு ஆண்டுகளில் நான் முதன்முறையாக வகுப்பில் முந்திக்கொண்ட நாள் இது. அண்ணனுக்கும் தம்பிக்கும், அக்காளுக்கும் தங்கைக்கும் ஏன் தனித்தனிச் சொல் என்று ஐரோப்பிய மாணவர்கள் வியந்துகொண்டிருந்தபோது, பெரியப்பா ‘போபோ’, சித்தப்பா ‘ஷூஷு’, அத்தை ‘கூகு’, தாய்மாமா ‘ஜியூஜியு’ என்று எனக்குப் பாய் விரித்தது போல இருந்தது. தம்பிக்கு அவர்கள் சொல்லும் ‘தீதி’ வகுப்பில் இருந்த தில்லிக்காரருக்கு அக்காள் என்பதால் அவருக்கு மட்டும் குடும்பம் தலைகீழானது.

ஒரே இடத்தில் இடறினேன். பெரியம்மா, சித்தி பிள்ளைகள் நமக்கு உடன்பிறப்புகள். மாமன் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் முறைக்காரர்கள். அவர்கள் கோட்டை வேறிடத்தில் போடுகிறார்கள். அப்பாவின் சகோதரர் பிள்ளைகள் ‘தாங்’. அத்தை, மாமன், பெரியம்மா, சித்தி பிள்ளைகள் எல்லாரும் ‘பியாவ்’. என் சித்தி மகளைப் ‘பியாவ்’ என்று எழுதியபோது கை தயங்கியது.

அறிமுகம் இல்லாதவரை அழைப்பதிலும் நமக்கு எதையும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நாம் அண்ணே, அக்கா என்பது போல, ஓட்டுநரையும் பழுது பார்ப்பவரையும் ‘ஷஃபு’ என்றும், விடுதியைப் பெருக்கும் பெண்மணியை ‘ஆயி’ என்றும் அழைக்கலாம். எங்கள் விடுதி ஆயி என்னை ‘மா’ என்று அழைத்து, வெந்நீர்க் குடுவை வாங்காமல் குளிர்ந்த நீரைக் குடிப்பதற்காக நாள்தோறும் திட்டுகிறார். அவர் திட்டுவது எனக்கு முழுவதும் புரியத் தொடங்கியிருக்கிறது என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

5 ஆகஸ்டு 2018

சைவ உணவு பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். நான் முட்டை சாப்பிடுகிறவன். ஆகவே தக்காளியும் முட்டையும் வதக்கியது, சோறு என்று நாள் ஓடிவிடுகிறது. உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடமிளகாய் மூன்றையும் பொரித்துப் புரட்டிய ‘தி சான் ஷியென்’ என்ற வடகிழக்குப் பண்டம் நம் நாக்குக்கு ஏற்றது. ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால், துண்டுகளை விலக்கிவிட்டுக் கொத்திய இறைச்சியைத் தூவிக் கொண்டுவருவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது சுவைக்குச் சேர்த்தது, இறைச்சி அன்று. ‘வோ ச்ச சூ’, அதாவது ‘நான் சைவம்’ என்ற வாக்கியத்தைச் சொல்லுங்கள். அதில் உள்ள ‘உண்’ என்ற வினைக்கும் மூச்சு வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பன்றி இறைச்சியை மட்டும் தவிர்ப்பவருக்குப் பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் உணவுக்கூடம் தனியே இருக்கிறது.

19 ஆகஸ்டு 2018, திருப்பூர்

வந்து சேர்ந்தேன். கேள்வி கேட்ட நண்பர் அங்கே என்னைச் சந்திக்காமலேயே திரும்பிவிட்டார் என்று அறிகிறேன். அவரும் பீச் பழம் வாங்கினாரா என்பதைத்தான் கேட்க விரும்பினேன்.

மார்ச்சில் எழுதியதை இப்போது எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். முதலில், சொற்பட்டியலைக் குறை சொல்லி ஜூலையில் நான் கொதித்தது சற்று மிகை. சொற்களும் எழுத்தும் இல்லாமல் போயிருந்தால் நாள்தோறும் காலையில் வைக்கும் சொல்வதெழுதலில் முதல் வாரமே வீழ்ந்திருப்பேன். காதால் கேட்பது வரத் தொடங்கியபோது, அது போய் உட்கார அந்த 600 சொற்களும் ஆயத்தமாக இருந்தன. ஆகவே நோட்டின் இடது பக்கத்தை வைத்துக்கொள்ளலாம், தமிழ் ஒலிப்பு எழுதிய வலது பக்கத்தை மட்டும் கிழிக்க வேண்டும். பின்யின்னை எழுத்தாக அல்லாமல் வெறும் குறியாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகினால், க்யூ ஏன் சகரம் என்ற கேள்வியே எழாது.

அடுத்து, புறப்படுவதற்கு முன் கடைசி எட்டு வாரங்களில் புதுச் சொல் எதையும் கற்கக் கூடாது என்பேன். தெரிந்த சொற்களை இணை இணையாக எடுத்து, மூச்சுள்ளது எது, இல்லாதது எது என்று பிறர் சொல்லக் கேட்டுப் பிரிக்க வேண்டும். பிறகு தாளைப் பிடித்துக்கொண்டு தானே சொல்லிப் பதிவுசெய்து, மூன்று நாள் கழித்துக் கேட்க வேண்டும். அன்றே கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்; எதைச் சொன்னோம் என்பது நினைவில் இருப்பதால் காது பொய் சொல்லும்.

இன்னொன்று: கேள்வி கேட்கும்போது நாம் வாக்கியத்தின் கடைசியை உயர்த்துகிறோம். சீனத்தில் அப்படி உயர்த்தினால் கடைசிச் சொல்லின் தொனியே மாறிவிடும். கேள்வியைத் தாழ்த்தி முடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. இப்போது வீட்டில் தமிழிலும் அப்படியே கேட்கிறேனாம், ‘சாப்பாடு ஆயிற்றா’ என்பது மிரட்டுவது போல இருக்கிறது என்று மனைவி சொல்கிறாள்.

21 ஆகஸ்டு 2018

திரும்பும் வழியில் கொழும்பில் அடுத்த விமானத்துக்கு ஒரு பகல் முழுவதும் இருந்ததால் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1911இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் ஜங் ஹவின் பயணத்தின்போது, 1409ஆம் ஆண்டுக்குரியதாகப் பொறித்தது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்னும் திருமாலையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகிறது. ஆறு வாரம் படித்த கையோடு அதன் முன்னால் நின்றேன். நான் கற்றது இருபதாம் நூற்றாண்டில் எளிமையாக்கிய எழுத்து. கல்லில் ‘பெரிய’ என்ற எழுத்தையும் ‘புத்தர்’ என்ற எழுத்தையும் கண்டுபிடிப்பதற்குள் கால் கடுத்துவிட்டது. தமிழ்ப் பகுதிக்குத் திரும்பினேன். அதில் நான் படித்தது அதைவிடக் குறைவு.

14 டிசம்பர் 2025

ஏழு ஆண்டுக்குப் பிறகு இதைத் தேடி எடுத்து, ‘இப்போதும் இது செல்லுமா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒலிப்பைப் பற்றியது எல்லாம் செல்லும். மற்றவற்றில் பாதி செல்லாது.

2018 மே 9 அன்று வீசாட்டை வீட்டில் நிறுவச் சொன்னதை அடித்துவிடுங்கள். 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. இந்தியச் சிம்மை ரோமிங்கில் வைத்துக்கொண்டால் அங்கே வாட்ஸ்அப் திறக்கும்; அங்கே வாங்கும் சிம்மில் திறக்காது. ஆகவே வீட்டோடு பேச ஒரு சிம், வகுப்புத் தோழர்களோடு பேச ஒரு சிம் என்று இரண்டு இடமுள்ள கைப்பேசியைக் கொண்டுசெல்லுங்கள். ரொக்கத்தைப் பற்றி எழுதியதும் பழசு: 2023 முதல் வெளிநாட்டுக் கடன் அட்டையை அலிபே என்னும் பணம் செலுத்தும் செயலியில் இணைத்துக்கொள்ளலாம், ஒரு முறைக்கு 200 யுவானுக்கு மேல் போனால் 3 விழுக்காடு கட்டணம் பிடிப்பார்கள், அதற்குக் கீழே இல்லை. எச்எஸ்கேயின் தரநிலை 2021இல் ஒன்பது நிலைகளாக விரிந்தது. 600 சொல் கணக்கை இனி யாரும் என் பெயரால் சொல்ல வேண்டாம். 2020இல் நின்றுபோன நேரடி விமானங்களும் இந்த அக்டோபரில் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு மீண்டும் பறக்கத் தொடங்கியிருக்கின்றன.

என் அக்காள் மகன் வருகிற ஜூலையில் ஹார்பின் நகருக்குச் செல்கிறான். அங்கே பேசுவது சீனாவின் பொதுமொழிக்கு மிக நெருக்கமானது என்பார்கள், கோடையும் பெய்ஜிங்கை விடக் குளிர்ந்தது. மூன்று மாதமாக முயலையும் வயிற்றையும் பிரித்துக்கொண்டிருக்கிறான், அவன் கையில் உள்ள தாள் நன்றாகவே அசைகிறது. நேற்று அவனுடைய சேர்க்கைப் படிவத்தைச் சரிபார்க்க வாங்கிப் பார்த்தேன். குடும்பப் பெயருக்கான இடத்தில் என் அத்தானின் பெயர் இருந்தது.